நம்பும்படியாக ஒரு துப்பறிவாளர்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உரிமம் பெற்றுத் தொழில் நடத்தும் தனியார் துப்பறிவாளர் ஒருவர், ஒரு கொலை வழக்கைக்கூடத் தொடாமல் ஓய்வு பெற்றால் அதில் வியப்படைய ஏதுமில்லை. காப்பீட்டு மோசடியைக் கண்டறிவது, கடனாளியின் புதிய முகவரியைத் தேடுவது, நீதிமன்ற அழைப்பாணையை உரியவர் கையில் சேர்ப்பது, வேலைக்கு விண்ணப்பித்தவரின் பின்னணியை விசாரிப்பது ஆகியவையே அத்தொழிலின் அன்றாடம். கொலை, காவல் துறையின் பொறுப்பு. எவர் மீதும் குற்றம் சாட்டாமலேயே மணவிலக்குப் பெற வழிசெய்யும் சட்டம் 1970 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு, விடுதி ஜன்னலுக்கு வெளியே புகைப்படக் கருவியுடன் காத்திருக்கும் பழைய பிழைப்புக்கும் தேவை பெருமளவு குறைந்துபோனது.

அடுத்த நான்கு ஆண்டுகளில், அதே நகரைக் களமாகக் கொண்டு என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்' தொடங்கியது. 1974 செப்டம்பர் முதல் 1980 ஜனவரி வரை, 120-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். பெரும்பாலானவற்றில் எவரேனும் கொல்லப்படுகிறார், எவரேனும் துப்பாக்கி நீட்டுகிறார், ஒரு காரை இன்னொரு கார் துரத்துகிறது. ஜேம்ஸ் கார்னர் நடித்த ஜிம் ராக்ஃபோர்ட் சந்தித்த பிணங்களைக் கணக்கிட்டால், நடுத்தர நகரம் ஒன்றின் காவல் நிலையமே திணறிவிடும். ஆயினும், தனியார் துப்பறியும் தொடர்களிலேயே நம்பகமானது எது என்ற கேள்வி எழும்போதெல்லாம் அமெரிக்க ரசிகர்களும் விமர்சகர்களும் முதலில் சுட்டுவது பெரும்பாலும் இத்தொடரைத்தான். 1978-இல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும் அதற்குக் கிடைத்தது.

இது ஒரு முரண்போலத் தோன்றும். நிகழக்கூடியது வேறு, நம்பக்கூடியது வேறு என்பதை நினைவில் கொண்டால் முரண் விலகிவிடும். நம்பமுடியாத நிகழத்தக்கதைவிட நம்பத்தக்க நிகழாததே கதைக்கு உகந்தது என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் வாதிட்டார். துப்பறியும் தொடரின் பார்வையாளர், வாரம் ஒரு கொலை என்னும் பொய்யைத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறக்கும்போதே ஏற்றுக்கொண்டு விடுகிறார். அது ஆட்டத்தின் விதி. அந்த ஒரு சலுகையைப் பெற்றுக்கொண்ட கதாசிரியர், அதன் பிறகும் எத்தனை சலுகைகளைக் கேட்கிறார் என்பதில்தான் தொடருக்குத் தொடர் வேறுபாடு.

ராக்ஃபோர்டை உருவாக்கிய ராய் ஹக்கின்ஸும் ஸ்டீஃபன் ஜே. கேனலும் இதில் கறாராக இருந்தார்கள். தனியார் துப்பறிவாளர் ஒருவர் நடப்பிலுள்ள கொலை விசாரணையில் மூக்கை நுழைத்தால் காவல் துறை அவரது உரிமத்தைப் பறிக்க முனையும். எனவே, காவல் துறை மூடிவிட்ட வழக்குகளை மட்டுமே அவர் எடுத்துக்கொள்வார் என்று தொடக்கத்திலேயே விதி செய்தார்கள். அந்த விதி நாளடைவில் தளர்ந்தது உண்மை. ஆனால் அதை மீறும்போதெல்லாம் காவல் உயர் அதிகாரிகளின் சினத்துக்கு அவர் ஆளானார். மீறலுக்கு விலை இருந்தது.

அவரது முன்கதையையும் இதே கண்கொண்டு பார்க்கலாம். செய்யாத கொள்ளைக்காகச் சான் குவென்டின் சிறையில் ஐந்தாண்டுகள் இருந்து, பின்னர் மன்னிப்புப் பெற்று வெளிவந்தவர் ராக்ஃபோர்ட். தண்டனை பெற்றவருக்கு உரிமம் எப்படிக் கிடைத்தது என்னும் கேள்விக்கு அந்த மன்னிப்பே விடை. காவலர்கள் ஏன் அவரை வெறுக்கிறார்கள், ஏமாற்றுக்காரர்களின் உலகம் அவருக்கு எப்படிப் பழக்கம், ஏஞ்சல் மார்ட்டின் போன்ற நம்பத்தகாத நண்பன் எங்கிருந்து வந்தான், அதிகாரம் என்றாலே அவருக்கு ஏன் ஐயம் என்பவற்றுக்கும் அந்தச் சிறையே விடை. ஒரே ஒரு முன்கதை ஐந்து கேள்விகளுக்குப் பதிலளிக்கிறது. ஐந்து தனித்தனி விளக்கங்கள் தரப்பட்டிருந்தால் நாம் ஒன்றையும் நம்பியிருக்க மாட்டோம்.

பணமும் அப்படித்தான். நாளொன்றுக்கு 200 டாலர், செலவுகள் தனி என்பது அவரது கட்டணம். இன்றைய மதிப்பில் அது ஆயிரம் டாலருக்கு மேல். அத்தனை வாங்குபவர், மாலிபு கடற்கரையின் பாரடைஸ் கோவ் பகுதியில் பழைய டிரெய்லர் வீடு ஒன்றில் ஏன் வாழ்கிறார்? வாடிக்கையாளர்கள் பணம் கொடுப்பதில்லை. கொடுத்த காசோலை திரும்பி வருகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் தொலைபேசிப் பதிவுக் கருவியில் வந்து விழும் ஒரு செய்தியுடன் தொடங்கும். பாக்கி கேட்பவரின் குரலோ, வேறு ஏதோ ஒரு தொல்லையோ அதில் இருக்கும். கதைக்கு அச்செய்தியால் ஒரு பயனும் இல்லை. ஆனால் இந்த மனிதருக்கு இந்த வழக்குக்கு வெளியிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை அது அரை நிமிடத்தில் நிறுவிவிடுகிறது.

துப்பாக்கி வைத்திருக்கிறார், அதை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லாததால் பிஸ்கட் ஜாடிக்குள் போட்டு வைத்திருக்கிறார். அடிதடி மூண்டால் பேசித் தப்ப முயல்கிறார், முடியாவிட்டால் ஓடுகிறார். ஒருவனைக் குத்திவிட்டால் வலியில் தம் கையைத்தான் முதலில் உதறுகிறார். கார்னருக்கு இது புதிதன்று. 1957-இல் தொடங்கிய 'மேவரிக்' தொடரில், வீரத்தைவிட விவேகத்தை நம்பிய சூதாடியாக அவர் புகழ் பெற்றவர். அதை உருவாக்கியவரும் இதே ஹக்கின்ஸ்தான்.

தலையில் விழும் அடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1967 முதல் 1975 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஓடிய 'மேனிக்ஸ்' தொடரின் நாயகன் மண்டையில் அடிபட்டு மயங்கி விழுவது, ரசிகர்கள் கேலி செய்யும் அளவுக்கு வாடிக்கையாக இருந்தது. மருத்துவக் கணக்கில், தலையில் அடிபட்டு அரை மணி நேரத்துக்கு மேல் நினைவிழந்து கிடந்தால் அது லேசான காயம் என்ற வகைக்குள் அடங்காது. மறதி, தலைசுற்றல், வாந்தி, வாரக்கணக்கில் நீளும் தலைவலி என விளைவுகள் தொடரும். தொலைக்காட்சித் துப்பறிவாளரோ விளம்பர இடைவேளை முடிந்ததும் எழுந்து, பிடரியைத் தடவிக்கொண்டு காரை எடுத்துவிடுவார். இவ்விஷயத்தில் ராக்ஃபோர்டும் குற்றமற்றவர் அல்லர். அவரும் பலமுறை அடிபட்டு விழுந்து, வேண்டியதைவிட விரைவாக எழுந்திருக்கிறார். வலிக்கிறது என்று வாய்விட்டுப் புலம்புவதும், மறுநாள் நொண்டுவதும் மட்டுமே அவரது பங்குக்கான நேர்மை. அந்த நொண்டல் முழுவதும் நடிப்பு என்று சொல்வதற்கில்லை. சண்டைக் காட்சிகள் பலவற்றில் தாமே நடித்த கார்னரின் முழங்கால்கள் பலமுறை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாயின. இறுதியில் மருத்துவர்களின் அறிவுரைப்படியே அவர் விலக, ஆறாம் பருவத்தின் பாதியில் தொடர் நின்றது. (ஆறு பருவங்கள் ஓடிய இத்தொடர் இலாபமே ஈட்டவில்லை என்று தயாரிப்பு நிறுவனம் கணக்குக் காட்டியது, கார்னர் வழக்குத் தொடுத்தார், 1989-இல் சமரசம் ஏற்பட்டது. ராக்ஃபோர்டின் பெயரோடு இணைந்த கதைகளில் நம்பக் கடினமானது அந்தக் கணக்கு வழக்குதான்.)

தொடரின் பலவீனங்களுக்குக் காரணம் பெரும்பாலும் கடிகாரம். அன்றைய ஒரு மணி நேரத் தொடரில் கதைக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 50 நிமிடங்கள். விளம்பர இடைவேளை ஒவ்வொன்றுக்கும் முன்பு, பார்வையாளர் எழுந்து போகாதபடி ஒரு திருப்பம் வேண்டும். ஒரு பருவத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் வேண்டும். கதை தேங்கும்போது துப்பாக்கியுடன் ஒருவனைக் கதவைத் திறந்துகொண்டு வரச்செய்வது மலிவுவிலை இதழ்களின் காலத்து உத்தி. ரேமண்ட் சாண்ட்லரே அதைப் பரிகாசத்துடன் குறிப்பிட்டிருக்கிறார். ராக்ஃபோர்டின் டிரெய்லர் கதவை அத்தகையவர்கள் எத்தனையோ முறை திறந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் எல்லாம் மறந்துவிடுவது இன்னொரு குறை. சென்ற வாரம் உயிருக்கே உலை வைத்த ஏஞ்சல், இந்த வாரம் கடன் கேட்டு வந்து நிற்பான்; ராக்ஃபோர்டும் கொடுப்பார். நட்பின் பலவீனம் என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் சமாதானம் தேவைப்படுகிறது என்பதே குறைதான்.

தற்செயல் விஷயத்தில் தொடர் கண்டிப்பாக இருந்தது. துப்பறிபவருக்குத் தற்செயல் உதவக் கூடாது என்பது, பாதிரியாரும் நாவலாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று. இந்த விதியை வைத்தே கேனல் 1978-இல் ஓர் அத்தியாயம் எழுதினார். டாம் செலக் நடித்த லான்ஸ் ஒயிட் என்னும் துப்பறிவாளர் அதில் வருகிறார். அழகர், செல்வர், உத்தமர். அவருக்குத் தடயங்கள் தாமாக வந்து கிடைக்கின்றன. காவல் துறை அவரை வணங்கி வரவேற்கிறது. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று அவர் புன்னகையுடன் சொல்ல, அப்படியே முடிகிறது. பக்கத்தில் நிற்கும் ராக்ஃபோர்ட், உலகம் இப்படி இயங்காது என்று கத்தாத குறையாகத் தவிக்கிறார். தொலைக்காட்சித் துப்பறியும் கதைகளின் போலித்தனங்கள் அனைத்தையும் ஓர் ஆளாகத் திரட்டி, அந்த ஆளை உண்மையான துப்பறிவாளரின் அருகே நிறுத்திப் பார்த்த விமர்சனம் அது. வெளியிலிருந்து எந்த விமர்சகரும் அவ்வளவு கூர்மையாக எழுதிவிடவில்லை. செலக் இரண்டாண்டுகளில் 'மேக்னம்' தொடரின் நாயகனாகி ஹவாய்க்குச் சென்றார். அங்கே செல்வரின் மாளிகையில் தங்கி, சிவப்பு ஃபெராரி ஓட்டினார். லான்ஸ் ஒயிட் வென்றுவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

சட்டத்தின் கண்ணோட்டத்தில் ராக்ஃபோர்டின் செயல்முறை எந்த அளவுக்கு நம்பத்தக்கது? காரிலேயே சிறிய அச்சுப்பொறி ஒன்றை வைத்து வேண்டிய பெயரில் முகவரி அட்டை அச்சடிப்பார். காப்பீட்டு முகவராகவோ அரசு அலுவலராகவோ வேடமிடுவார். பூட்டிய அறைக்குள் நுழைவார். இப்படிக் கிடைத்த ஆதாரம் நீதிமன்றத்தில் நிற்காது என்று பலர் கருதக்கூடும். விந்தை என்னவென்றால், அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் அரசின் தேடுதலை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தனி மனிதர் முறைகேடாகக் கைப்பற்றிய ஆவணத்தை அரசு பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1921-இலேயே தீர்ப்பளித்தது. ஆகவே ஆதாரம் நிற்கக்கூடும். அத்துமீறி நுழைந்தவர் சிறைக்குச் செல்லக்கூடும். காவலர் கேட்டுக்கொண்டு அவர் நுழைந்திருந்தால் அவர் அரசின் கருவியாகிவிடுவார், ஆதாரம் விழுந்துவிடும். நண்பரான காவல் அதிகாரி டென்னிஸ் பெக்கரிடம் ராக்ஃபோர்ட் கேட்பதெல்லாம் கார் எண்ணுக்கு உரியவர் யார் என்பது போன்ற சிறு உதவிகளே. அதையும் பெக்கர் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார். தமக்கு வரவேண்டிய பதவி உயர்வு இந்த நட்பினால் தள்ளிப்போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

அதிகாரத்தை விசாரணைக்கு உட்படுத்தும் அத்தியாயங்களும் உண்டு. 1976-இல் வெளியான ஒன்றில், தமக்கு ஏதும் தெரியாத விவகாரத்தில் ராக்ஃபோர்ட் கிராண்ட் ஜூரி முன்னிலையில் சாட்சியாக அழைக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்படுகிறார். மிகைபோலத் தோன்றும் இதில் மிகை குறைவு. அந்த அறைக்குள் சாட்சியுடன் வழக்குரைஞர் வர அனுமதியில்லை. குற்ற விலக்குக் கொடுத்த பிறகும் வாய் திறக்க மறுப்பவரை, விசாரணையோ தண்டனைத் தீர்ப்போ இன்றி, அவமதிப்பின் பெயரில் அந்த ஜூரியின் காலம் முடியும்வரை அடைத்து வைக்கலாம்.

மாறாக, 1978 பிப்ரவரியில் இரண்டு மணி நேர அத்தியாயமாக வந்த 'தி ஹவுஸ் ஆன் வில்லிஸ் அவென்யூ' அன்று கற்பனையின் எல்லையாகவே தோன்றியிருக்கும். மூத்த துப்பறிவாளர் ஒருவரின் மரணத்தைத் தொடரும் ராக்ஃபோர்ட், தனியார் நிறுவனம் ஒன்று குடிமக்களைப் பற்றிய விவரங்களைக் கணினிகளில் இரகசியமாகத் திரட்டி வருவதைக் கண்டுபிடிக்கிறார். அக்கணினிகளைச் சாதாரணமாகத் தோன்றும் கட்டடத்துக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள். அந்த இரகசியத்தைக் காக்கக் கொலையும் செய்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1974-இல் இயற்றிய அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் கூட்டாட்சி அரசின் துறைகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. தனியார் கையிலுள்ள விவரங்களைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1977-இல் அறிக்கை அளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த கதை இது.

இன்று அந்த அத்தியாயத்தைப் பார்ப்பவருக்கு நம்பமுடியாததாகத் தோன்றுவது கணினி அன்று, கொலைதான். இதை ஏன் மறைக்க வேண்டும், இதற்காக ஏன் கொல்ல வேண்டும் என்றே அவர் கேட்பார். தனியார் நிறுவனங்களை முழுமையாகக் கட்டுப்படுத்தும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டாட்சி அளவில் அமெரிக்காவில் இன்னும் இல்லை. கலிஃபோர்னியா 2018-இல் தன் மாநிலத்துக்கென ஒரு சட்டம் இயற்றி 2020-இல் நடைமுறைப்படுத்தியது. முகவரி, கார் எண், உறவினர் பெயர், பழைய வழக்குகள், கடன் நிலுவை எனத் திரட்டி விற்பது அங்கே இப்போது பதிவு பெற்ற, விளம்பரம் செய்கிற வணிகம். அவ்வணிகத்தின் நிலையான வாடிக்கையாளர்களுள் உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளர்களும் அடக்கம். சந்தா செலுத்திவிட்டு, பெக்கரிடம் கெஞ்ச வேண்டிய தேவையின்றி, மேசையில் அமர்ந்தபடியே அவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.