ஆடுகளக் கதைகள் – 9: அந்த இருவரை விட்டுவிட்டு வாருங்கள்

போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அரசாங்கச் செலவில் அமெரிக்கக் கல்லூரிகளை நிரப்பிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களில் ஒருவர் ஜீனோ மார்கெட்டி. ஜெர்மனியில் இயந்திரத் துப்பாக்கி பிடித்துவிட்டு ஊர் திரும்பியவர், தோல் ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளுமாகத் திரிந்துகொண்டிருந்தார். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் ஜோ குஹாரிச்சைப் பார்க்கப் போனதும் அதே கோலத்தில்தான். குஹாரிச் முகம் சுளித்தாராம். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

கால்பந்து என்றதும் மோகன் பகானை நினைத்துவிடாதீர்கள். இது கூர்முனைப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, குறுக்கே வருகிறவனை இடித்துத் தள்ளியபடி ஓடும் அமெரிக்க ஆட்டம்.

ஏசு சபைப் பாதிரிமார் 1855இல் தொடங்கிய சிறிய நிறுவனம் அந்தப் பல்கலைக்கழகம். ஆட்டங்கள் நடந்தது நகரத்துக்குச் சொந்தமான கெஸார் மைதானத்தில். 1946 முதல் அதே மைதானத்தில் ‘ஃபார்ட்டி நைனர்ஸ்’ என்ற தொழில்முறை அணியும் ஆடத் தொடங்கியது. டிக்கெட்டுக்குக் காசு வைத்திருப்பவன் எந்த ஆட்டத்துக்குப் போவான்? பக்கத்திலிருந்த செயின்ட் மேரீஸ் கல்லூரி 1950 சீசனோடு கால்பந்தையே மூட்டை கட்டிவிட்டது. குஹாரிச்சின் அணியும் நஷ்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில் வந்தது 1951. ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்று அணியில் இரண்டு கறுப்பின வீரர்கள். மேட்சன் பந்தோடு ஓடுபவர்; டோலர் ஓடுபவர்களைப் பிடித்துச் சாய்ப்பவர். நியூயார்க் போய் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தை 32–26 என்று வென்ற ஆட்டத்தில், எதிரணி உதைத்தனுப்பிய பந்தை வாங்கி மைதானத்தின் மறுகோடிவரை மேட்சன் ஓடினார். ஒரு முறையல்ல, இரண்டு முறை. அந்த சீசனில் அவர் ஓடிய தூரம் 1,566 கஜம், போட்ட டச் டவுன் 21. இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம். இதையெல்லாம் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்த விளம்பர அலுவலர் 25 வயது இளைஞர். பெயர் பீட் ரோஸல். பிற்பாடு தேசியக் கால்பந்து லீகையே கட்டியாண்டவர்.

நவம்பரில் பசிஃபிக் கல்லூரியை 47–14 என்று நொறுக்கினார்கள். ‘பவுல்’ ஆட்டங்களுக்கு அணி தேர்ந்தெடுக்கும் காலம் அது. புத்தாண்டையொட்டி நடக்கும் அந்த ஆட்டங்களில் பணம் புரளும். ஆரஞ்சு, சுகர், கேட்டர் என்ற பெரிய பவுல்கள் மூன்றும் நடந்தது தெற்கு மாநிலங்களில். அங்கிருந்து வந்த சேதியை வீரர்கள் பிற்காலத்தில் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: அழைப்பு கிடைக்கும், அந்த இருவரையும் விட்டுவிட்டு வருவதானால்.

இதற்காக ஓட்டெடுப்போ நீண்ட விவாதமோ நடக்கவில்லையாம். முடியாது என்று எல்லோரும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். பின்னாளில் இதை வீரச்செயலாக எழுதியவர்கள் நாம். அவர்களுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை.

அழைப்பு வராததற்கு, எதிரணிகள் பலவீனமானவை என்ற காரணமும் அப்போது சொல்லப்பட்டது. அது முழுப்பொய்யும் அல்ல. ஒன்பது ஆட்டங்களில் இரண்டு, படை முகாம் அணிகளோடு. சான் ஹோஸே ஸ்டேட்டோடு மட்டுமே இரண்டு முறை ஆடினார்கள். ஆனால் பாதி உண்மையை முன்னால் நிறுத்தி மீதியை மறைப்பது தேர்வுக் குழுக்களுக்குக் கைவந்த கலை. அந்த ஆண்டு ஆரஞ்சு பவுலில் ஆடியவை ஜார்ஜியா டெக்கும் பேய்லரும்; இரண்டிலும் வெள்ளையர் மட்டுமே.

கடைசி ஆட்டத்தில் லயோலாவை 20–2 என்று வென்று, தோல்வியே இல்லாமல் ஒன்பதுக்கு ஒன்பது முடித்தார்கள். பவுல் பணம் வரவில்லை; கடன் இருந்தது. பல்கலைக்கழகம் கால்பந்தை நிறுத்தியது. தோற்ற லயோலாவும் அதே சீசனோடு நிறுத்தியது. அடுத்த ஆண்டு சான்டா கிளாரா.

ஆட்டக்காரர்கள் நிற்கவில்லை. மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி இரண்டு பதக்கம் வாங்கினார். அவரும், மார்கெட்டியும், அதே அணியின் பாப் செயின்ட் கிளேரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். 1959இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி ஒன்பது பேரைக் கொடுத்து மேட்சன் ஒருவரை வாங்கியது. அந்தப் பேரத்தை முடித்தவர் அதன் மேலாளர், நம் பீட் ரோஸல்.

டோலருக்கு அந்த யோகம் இல்லை. 1952இல் கல்லூரி நட்சத்திரங்களுக்கான ஆட்டமொன்றில் முழங்கால் போய்விட்டது. ஆசிரியராகி, பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1965இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவராகக் கோடுபோட்ட சட்டை அணிந்தார். 1980 ஜனவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்தில் கோட்டோரம் நின்றவர்களில் அவரும் ஒருவர். இடம், பாஸடீனாவின் ரோஸ் பவுல் மைதானம். லயோலாவோடு தன் கல்லூரிக்காகக் கடைசி ஆட்டம் ஆடியதும் அங்கேதான்.

(தொடரும்)