மருந்து தராமல் அனுப்பினால் கைவிரித்ததாக அர்த்தமா?

 

ரத்தப் புற்றுநோய் என்றாலே சினிமாவில் வர்ற மாதிரி இருமி ரத்தம் கக்கி, கொஞ்ச நாள்ல போயிடுவாங்கன்னு நினைக்கிறோம். ஆனால் அதில் பல வகை உண்டு. ஒன்றின் பெயர் சி.எல்.எல். லிம்போசைட் என்ற வெள்ளையணு மெதுவாகப் பெருகும் நோய் இது. பெரும்பாலும் வயதானவர்களுக்குத்தான் வரும். அமெரிக்கா, ஐரோப்பாவில் அதிகம், நம் நாட்டில் குறைவு.

எங்க தெருவில் ஒரு தாத்தாவுக்கு இது இருக்கு. டாக்டர், "இப்ப மருந்து வேணாம், மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து ரத்தம் குடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. உடனே குழாயடியில், "கைவிரிச்சிட்டாங்களாம்"னு பேச்சு. அந்த ஆயா ரெண்டு நாள் சாப்பிடவே இல்லை.

ஆனால் விஷயம் வேறு. தொந்தரவு இல்லாதவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தாலும் ஆயுள் கூடுவதில்லை என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். அதனால் காத்திருந்து கவனிப்பதே வைத்தியம்.

ஜோத்பூரில் பிறந்த டாக்டர் காந்தி ராய், அமெரிக்காவில் இருந்தபோது 1975இல் இந்த நோயை 0 முதல் 4 வரை நிலைகளாகப் பிரித்தார். அதுதான் 'ராய் நிலை'. ஆனாலும் ஒரு சிக்கல். ஒரே நிலையில் உள்ள இருவரில் ஒருவர் பத்து வருஷம் மருந்தே இல்லாமல் இருப்பார், இன்னொருவருக்கு ரெண்டே வருஷத்தில் முற்றிவிடும். ஏன்?

இங்கேதான் புரதங்கள் வருகின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அணுக்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் சிவப்பு கார்டா, மஞ்சள் கார்டான்னு கார்டை நீட்டினால்தானே தெரியும்! அதுபோல அணுவின் மேலுறையில் சி.டி.38 என்ற புரதமும், உள்ளே ஜாப்-70 என்ற புரதமும் அதிகம் இருந்தால் நோய் வேகமாகப் போகலாம் என்று அறிகுறி. ஜாப்-70 வழக்கமாக டி லிம்போசைட்டில் இருக்க வேண்டியது. இந்த நோயோ பி லிம்போசைட்டில் வருவது. இடம் மாறி வந்த புரதம், வளரச் சொல்லும் கட்டளையைப் பலமாக்கிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க, ஒளிரும் பொருளை அந்தப் புரதத்தில் ஒட்டவைத்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளி முன்னால் ஓடவிடுவார்கள். ஒளிர்ந்தால் எண்ணிக்கொள்ளும் அந்த மெஷின் பெயர் ஃப்ளோ சைட்டோமீட்டர். ரத்த நீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் லிட்டருக்கு 3.5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பி.53 புரதம். அது அணுவின் காவல்காரர். பழைய கீமோ மருந்து அணுவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும், அதைப் பார்த்து பி.53 அந்த அணுவைச் சாகடிக்கும். காவல்காரரே இல்லாவிட்டால்? கீமோ சரியாக வேலை செய்யாது. அப்படிப்பட்டவர்களுக்கு, வேறு வழியில் வேலை செய்யும் இப்ரூட்டினிப் போன்ற மாத்திரைகள் உண்டு. அதனால்தான் சிகிச்சை தொடங்கும் முன் பி.53 மரபணுவையும் சோதிக்கிறார்கள்.

காத்திருப்பவர்களுக்குக் காரணமில்லாத காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வேர்வை, கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டிப் பெருசாவது இருந்தால் மூணு மாசம் ஆகட்டும்னு இருக்கக்கூடாது, உடனே டாக்டரிடம் போகணும். நமக்கு கோரிமேடு ஜிப்மரிலேயே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி