புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? குறையையும் உரிமையையும் அறிந்துகொள்ளுங்கள்

இலையுதிர் காலத்தில் தோட்டக் கொட்டிலுக்குள் தள்ளிவைத்த பெற்றோல் புல்வெட்டி, ஏப்ரலில் வெளியே வந்ததும் அடம்பிடிப்பது ஜேர்மனியில் வாழும் நம்மவர் பலருக்கும் பழகிய தலைவலி. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகும். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். புதியது வாங்கவோ, விற்ற கடையோடு மல்லுக்கு நிற்கவோ அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி, டாங்கியில் கிடக்கும் போன வருடப் பெற்றோல்தான்.

பெற்றோல் ஏன் கெடுகிறது?

ஜேர்மனியில் சாதாரண சூப்பர் பெற்றோலில் 5 வீதம் வரையும், 2011இல் வந்த ஈ10 பெற்றோலில் 10 வீதம் வரையும் எதனோல் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்க உதவும், எளிதில் ஆவியாகும் பகுதிதான் பெற்றோலில் இருந்து முதலில் பறந்துபோகிறது. மிஞ்சுவது நாளடைவில் பிசினாகி, காபரேற்றரின் ஊசித்துளை போன்ற ஜெட்டை அடைத்துவிடும். 30 நாட்களிலேயே பெற்றோல் கெடத் தொடங்கலாம் என்கிறது எஞ்சின் தயாரிப்பாளரான பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன்.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் பழைய பெற்றோலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். ரப்பர் குமிழ் இருந்தால் கையேட்டில் சொன்ன தடவைகள் மட்டும் அழுத்துங்கள். சோக் இருந்தால் போடுங்கள். கைபிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பியை விட்டுவிட்டு இழுத்தால், புத்தம்புது எஞ்சின்கூட ஸ்டார்ட் ஆகாது.

அடுத்தது எயார் பில்டர். தூசும் எண்ணெயும் ஊறியிருந்தால் மாற்றுங்கள்.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். பலமுறை இழுத்த பிறகும் நுனி காய்ந்திருந்தால், பெற்றோல் வந்து சேரவில்லை. காபரேற்றரைச் சுத்தம் செய்ய வேண்டும். நனைந்திருந்தால், பெற்றோல் அளவுக்கு மிஞ்சிவிட்டது அல்லது பொறி வரவில்லை. கரி படிந்திருந்தால் புது பிளக் போடுங்கள்; சில யூரோவோடு முடிந்துவிடும். பல எஞ்சின்களில் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும்.

கல்லிலோ வேரிலோ பிளேடு அடிபட்ட பிறகு தொடங்கிய கோளாறு என்றால், ஃபிளைவீலில் உள்ள சிறிய உலோகச் சாவி வெட்டுப்பட்டிருக்கலாம். பொறி விழும் நேரம் அதனால் பிசகிவிடும். அதைப் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது.

உயிருக்கு ஆபத்தான இடங்கள்

பிளேட்டின் பக்கம் கை கொண்டுபோகும் முன் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பிளேட்டைக் கையால் சுற்றினாலே எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். சரிக்கும்போது எயார் பில்டர் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் எண்ணெய் அதற்குள் வழியும். சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்றாதீர்கள். கராஜுக்குள்ளோ கெல்லருக்குள்ளோ ஓட்டிப் பார்க்கவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனொக்சைட் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வடித்த பெற்றோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். நீரை மாசுபடுத்துவது ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவில் வரும் குற்றம். மூடிய கலனில் எடுத்துக்கொண்டு, உங்கள் நகரத்தின் அபாயக் கழிவு சேகரிப்பிடத்திலோ, குறித்த நாளில் வரும் ஷாட்ஸ்டொஃப்மொபீல் வண்டியிலோ கொடுங்கள்.

கடையிடம் என்ன கேட்கலாம்?

கடையில் வாங்கிய புதிய இயந்திரத்துக்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து இரண்டு வருடம் சட்டப்படியான பொறுப்பு உண்டு. இதுதான் கெவேர்லைஸ்டுங். பொறுப்பு விற்றவருடையது. “கம்பனியோடு பேசுங்கள்” என்று அவர் கைகழுவ முடியாது. கம்பனி தானாக விரும்பித் தரும் கராண்டி இதற்கு மேலதிகமானது.

2022 ஜனவரி 1 முதல் செய்த கொள்வனவுகளில், முதல் 12 மாதங்களுக்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றே சட்டம் கருதும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். அதன்பின் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். திருத்தித் தருவதா, மாற்றித் தருவதா என்பதைப் பொதுவாக நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அனுப்பும் செலவும் விற்றவருடையது. திருத்தமோ மாற்றமோ சரிவராவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். குறை சிறியதல்ல என்றால் பணத்தையே திரும்பக் கேட்கலாம்.

ஆனால் கெட்ட பெற்றோலும் தேய்ந்த பிளக்கும் பொருளின் குறை ஆகா. ஆகவே இந்த இரண்டு வருடத்துக்குள் காபரேற்றரை நீங்களே பிரிக்காதீர்கள்; பழி உங்கள் மேல் திரும்பலாம். காணொளி எடுத்து, தவணை குறித்து, எழுத்தில் முறையிடுங்கள். மறுத்தால் உங்கள் மாநிலத்தின் ஃபெர்பிரவுஹர்சென்ட்ராலே என்னும் நுகர்வோர் மையத்தில் ஆலோசனை பெறலாம்.

தனியாரிடம் பழையதை வாங்கும்போது, பொறுப்பு ஏற்கமாட்டேன் என்று அவர் எழுதலாம். தெரிந்தே மறைத்த குறைக்கு அது செல்லாது. எனவே போனதும் எஞ்சினுக்கு அருகில் கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால், நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார். ஆறிய பிறகு மறுபடி இழுக்கச் சொல்லுங்கள்.

திருத்திய கையோடு ஓட்டலாமா?

நேரத்தைப் பாருங்கள். 2002ஆம் ஆண்டின் இரைச்சல் தடுப்பு ஆணைப்படி, குடியிருப்புப் பகுதிகளில் வேலைநாட்களில் இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரையும், ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் முழுநாளும் புல்வெட்டி ஓடக்கூடாது. சனி வேலைநாளாகவே கொள்ளப்படும். அபராதத்தின் உச்சவரம்பு 50,000 யூரோ. மதிய ஓய்வு நேரம் ஊருக்கு ஊர், வீட்டு விதிக்கு விதி மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்துக்கு முன் திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு டாங்கியைக் காலியாக்குங்கள். அல்லது கடைசி வெட்டுக்கு எதனோல் இல்லாத அல்கிலாட்பென்ஸீன் ஊற்றுங்கள். விலை கூடினாலும் நீண்ட நாள் கெடாது. கடையிடம் முறையிட உதவும் பற்றுச்சீட்டையும் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து, இரண்டு வருடம் முடியுமுன்பே மங்கிவிடக்கூடும்.