பழைய வாடகையும் புதிய வாடகையும்

பெர்லினில் ஒரே மாடியில், எதிரெதிர் வீட்டில் குடியிருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கொடுக்கும் வாடகை மற்றவருடையதைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். அளவு ஒன்று, மாடிப்படி ஒன்று. ஒருவர் முப்பது வருஷமாக இருக்கிறார், மற்றவர் போன வருஷம் வந்தார். அந்த ஊர் வீட்டுப் பிரச்சினையை ஏழை பணக்காரர் சண்டை என்றுதான் வழக்கமாக எழுதுகிறார்கள். அது பாதிதான். ஏற்கெனவே வீடு கிடைத்தவருக்கும் இன்னும் தேடிக்கொண்டிருப்பவருக்கும் நடக்கும் இழுபறிதான் மீதிப் பாதி. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

நம்மூரில் பதினோரு மாத அக்ரிமெண்ட். ஜெர்மனியில் வாடகை ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் முடிவுத் தேதியே கிடையாது. வாடகையை ஒழுங்காகக் கட்டும்வரை காலி செய்யச் சொல்ல முடியாது. ஓனர் தனக்கோ தன் பிள்ளைகளுக்கோ குடியிருக்க வீடு வேண்டும் என்றால் சொல்லலாம், அதற்கும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பெர்லினில் இருக்கிற குடித்தனக்காரருக்கு மூன்று வருஷத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வாடகையை ஏற்றவும் முடியாது. நம்மூர் வீட்டு ஓனர்கள் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார்கள். நகரத்தில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். பழைய ஒப்பந்தம் கையில் இருப்பவர் அதை விட்டு நகரவே மாட்டார். பிள்ளைகள் வளர்ந்து வெளியே போன பிறகும் பெரிய வீட்டிலேயே இருப்பார். சின்ன வீட்டுக்கு மாறினால் வாடகை கூடும் என்றால் யார்தான் மாறுவார்கள்?

க்ரொய்ட்ஸ்பெர்க் என்ற வட்டாரத்துக்கு வருவோம். 1961-இல் எழுந்த பெர்லின் சுவர் இந்த வட்டாரத்தின் கிழக்குப் பகுதியைச் சுற்றி வளைத்து ஒரு முட்டுச்சந்தாக்கியது. வசதியுள்ளவர்கள் வெளியேற, துருக்கியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் இடிந்து கிடந்த பழைய கட்டடங்களில் குடியேறினார்கள். பின்னாலேயே மாணவர்களும் பாட்டுக்காரர்களும் வந்தார்கள். 1989-இல் சுவர் விழுந்ததும் ஊர்க்கோடி ஊர்நடுவாகிவிட்டது. மனை விலை ஏறியதற்கு வேறு மாயம் எதுவும் தேவைப்படவில்லை.

சரி, ஏழைகளுக்கென்று மானிய வீடுகள் இருந்தனவே, அவை என்ன ஆயின? இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அந்த வீடுகள் என்றைக்கும் மானிய வீடுகளாக இருப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. தனியார் கட்டுவார், அரசு பணம் கொடுக்கும். பதிலுக்குக் குறிப்பிட்ட வருஷங்கள் வரை வாடகையைக் குறைத்து வைத்திருக்க வேண்டும். ஏறக்குறைய நம்மூர் ஒத்தி மாதிரி: கெடு முடிந்தால் வீடு பழையபடி ஓனர் கைக்குப் போய்விடும். கெடு முடிவதற்கு முன்பே மானியம் வருஷா வருஷம் கொஞ்சம் குறையும், குறைகிற அளவுக்கு வாடகை ஏறும். கடன் கழுத்தை நெரிக்க, கெடுவை நீட்டித்துத் தந்த உதவியையும் 2003-இல் பெர்லின் நிறுத்திவிட்டது. க்ரொய்ட்ஸ்பெர்க்கின் கொட்புஸர் டோர் சந்திப்பில் இப்படிப்பட்ட வீடுகளில் இருந்த குடும்பங்கள், பெரும்பாலும் துருக்கியர், ஏறும் வாடகையை எதிர்த்து 2012 மே மாதம் நடுச்சந்தியில் ஒரு பலகைக் குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். துருக்கியில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடும் குடிசைக்குச் சொல்லும் 'கெஜெகோண்டு' என்ற பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

அதே கடன் நெருக்கடியில் நகரம் செய்த இன்னொரு காரியத்தை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 2004-இல் தன் வீட்டு வசதிக் கம்பெனி ஒன்றை, சுமார் 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு முதலீட்டு நிதிகளிடம் விற்றது. கம்பெனியின் பெருங்கடனும் வாங்கியவர்கள் தலையில் போனது உண்மைதான், அதைச் சேர்த்தாலும் அடிமாட்டு விலை. கைமாறிக் கைமாறி அந்த வீடுகள் டாய்ச்ச வோனன் என்ற பெரிய கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தன. 2021-இல் நகரத்தின் வீட்டு வசதிக் கம்பெனிகள் டாய்ச்ச வோனனிடமும் அதைப் போன்ற இன்னொரு பெரிய கம்பெனியான வோனோவியாவிடமும் ஏறக்குறைய 14,750 வீடுகளை விலைக்கு வாங்கின. விலை 246 கோடி யூரோ. கொட்புஸர் டோர் வீடுகளும் அதில் உண்டு.

இதற்கிடையே வாடகையைச் சட்டம் போட்டு நிறுத்திப் பார்த்தார்கள். 2020 பிப்ரவரியில், ஏறக்குறைய 15 லட்சம் வீடுகளின் வாடகை 2019 ஜூன் 18 அன்று இருந்த அளவிலேயே நிற்க வேண்டும் என்று உத்தரவு. உள்ளே இருந்தவர்களுக்கு நிம்மதி. அந்த வருஷக் கடைசியில் பலருக்கு வாடகை குறையவும் செய்தது. வெளியே நின்றவர்களுக்கோ வாடகை விளம்பரங்களே பாதிக்கு மேல் காணாமல் போயின. காலியான வீட்டை ஓனர் வாடகைக்கு விடாமல் விற்றார். சிலர் ஒப்பந்தத்தில் இரண்டு வாடகை எழுதினார்கள், இன்றைக்கு ஒன்று, சட்டம் செல்லாமல் போனால் இன்னொன்று. கெட்டிக்காரர்கள். 2021 ஏப்ரலில் அரசியல் சட்ட நீதிமன்றம், இதில் பெர்லின் மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று சட்டத்தையே ரத்து செய்துவிட்டது. குறைத்துக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதங்கள் வந்தன.

புதிதாகக் கட்டினால்தான் என்ன? அதற்கும் ஒரு வழி வந்தது. 2008-இல் மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓடுபாதை இப்போது மக்கள் காற்று வாங்கும் பெரும் மைதானம். அதன் ஓரங்களில் சுமார் 4,700 வீடுகள் கட்டத் திட்டம் போட்டது அரசு. 2014-இல் வாக்கெடுப்பு, 64 சதவீதம் பேர் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்றார்கள். சுயநலம் என்று அவர்களைத் திட்டுவது சுலபம். 65,000 வீடுகளை விற்ற அரசு, "மலிவு வீடு கட்டித் தருகிறோம்" என்று சொன்னால் யார் நம்புவார்? ஆனால் அந்த வாக்குச்சீட்டில், வீடு தேடி இனிமேல் அந்த ஊருக்கு வரப்போகிறவருக்கு இடமில்லை என்பதும் நிஜம்.

2021 செப்டம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. 3,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனிகளிடமிருந்து சுமார் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வீடுகளை ஈடு கொடுத்துப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு 59 சதவீதம் ஆதரவு. அரசியல் சட்டப்படி இது முடியும் என்று 2023-இல் நிபுணர் குழுவும் சொல்லிவிட்டது. நானும் அதை எதிர்க்க மாட்டேன். அப்படியே எடுத்துக்கொண்டாலும் அந்த வீடுகளில் இருப்பவர்களின் வாடகைதான் அடங்கும், வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறாது. அதே 2023-இல் பதவிக்கு வந்த கூட்டணி, டெம்பல்ஹோஃப் ஓரத்தில் கட்டும் பேச்சை மறுபடி எடுத்தது. புது வீடுகள் எழும்வரை, புதிதாக வேலைக்கு வருகிறவர் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடன் பாக்கியில்லை என்ற சான்று, முந்தைய ஓனரின் கடிதம் எல்லாவற்றையும் ஃபைலில் போட்டுக்கொண்டு, வீடு பார்க்க வந்த கூட்டத்தோடு மாடிப்படியில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.