அடுப்பும் விளக்கும் எழுத்தும்

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று சர்க்கார் விளம்பரம் செய்வதும், கோடை பிறந்தவுடன் பத்திரிகைகள் அதை ஒட்டித் தலையங்கம் எழுதுவதும் நமக்குப் பழகிப்போன காரியங்கள். ஆனால், சம்பளமோ சன்மானமோ எதிர்பாராமல், பள்ளி ஆசிரியர்களும் அரசாங்க ஊழியர்களும் கல்லூரி விரிவுரையாளர்களும் மாலை வேளைகளில் கூடி உட்கார்ந்து, தங்கள் ஊர் அடுப்பில் விறகு எவ்வளவு வீணாகிறது, தங்கள் மாநிலத்து மின்சாரம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்து, அந்தக் கணக்கைத் தாய்மொழியில் எழுதி, எழுதிய புத்தகத்தைத் தாங்களே தோளில் சுமந்து வீடு வீடாக விற்பது அவ்வளவு சாதாரணமாகக் காணக்கூடிய விஷயமன்று. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் அது நடந்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் தொண்டர்கள்.

1962-ல் கோழிக்கோட்டில் இந்தச் சங்கம் தொடங்கியபோது அதன் நோக்கம் மிக எளிமையானது. விஞ்ஞான விஷயங்களை மலையாளத்தில் எழுதுவோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வேண்டும் என்பதுதான். ‘சாஸ்திரகதி’, ‘சாஸ்திரகேரளம்’, சிறுவர்களுக்கான ‘யுரேகா’ ஆகிய பத்திரிகைகள் அடுத்தடுத்துத் தோன்றின. மாஸ்கோவில் உயர்கல்வி கற்று, டிராம்பே அணுசக்தி நிலையத்தில் உத்தியோகம் பார்த்த எம். பி. பரமேஸ்வரன் போன்றவர்கள், நல்ல வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி இந்தப் பணியில் இறங்கினார்கள். சங்கத்தின் செலவுக்குப் பெரும்பாலும் புத்தக விற்பனையே ஆதாரமாக இருந்தது. இது வெறும் வரவுசெலவு விஷயம்போல் தோன்றினாலும் எழுத்தின் தன்மையையே மாற்றிவிடக் கூடியது என்பது என் அபிப்பிராயம்; தான் எழுதிய புத்தகத்தைத் தானே அண்டை வீட்டுத் திண்ணையில் வைத்து விற்க வேண்டியவன், புரியாத நடையில் எழுதிவிட்டுத் தப்ப முடியாது.

எரிசக்தி இவர்களுடைய எழுத்தில் மையமான விஷயமாக ஆனதற்கு அமைதிப் பள்ளத்தாக்கு விவகாரம் காரணம். பாலக்காட்டு மலைகளில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க மாநில மின்வாரியம் தீர்மானித்தபோது, அந்த மழைக்காட்டைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்கள் பலர். பரிஷத் அந்தக் குரலோடு ஒரு கணக்கையும் சேர்த்தது. எம். கே. பிரசாத் என்ற தாவரவியல் பேராசிரியர், பரமேஸ்வரன், பொருளாதார அறிஞர் கே. பி. கண்ணன் முதலிய ஐவர் சேர்ந்து 1979-ல் வெளியிட்ட அறிக்கை, காட்டின் அருமையைச் சொன்னதோடு நில்லாமல், அந்த அணையிலிருந்து கிடைக்கும் மின்சாரம் எவ்வளவு, அது யாருக்குப் போய்ச் சேரும், அதை வேறு வழியில் பெற முடியாதா என்ற கேள்விகளையும் எடுத்துக்கொண்டது. திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் அந்த வனம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அந்தக் கதையைச் சொல்வோர் அக்காட்டில் வாழும் அரிய குரங்கான சோலைமந்தியைத் தவறாமல் சொல்லுகிறார்கள்; யூனிட் கணக்கை மறந்துவிடுகிறார்கள். சோலைமந்திக்கு என் வணக்கம் உண்டு. ஆயினும், ‘காடா, மின்சாரமா?’ என்று கேட்டவர்களுக்கு நேராகப் பதில் சொன்னது அந்தக் கணக்குதான்.

அணை வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு ஒரு கடமையும் வந்து சேர்ந்தது. இருக்கும் சக்தியைக் கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். அந்நாளில் கேரளத்துக் குடும்பம் செலவிட்ட சக்தியில் பெரும்பகுதி மின்கம்பி வழியாக வரவில்லை. விறகாகவும் தென்னை மட்டையாகவும் கொட்டாங்கச்சியாகவும் அடுப்படிக்கு வந்தது. ஆகையால் தொண்டர்கள் 1980-களில் அடுப்பைக் கையில் எடுத்தார்கள்.

மூன்று கல்லைக் கூட்டி எரிக்கும் அடுப்பில், விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேருகிறது. மற்றதெல்லாம் பக்கவாட்டில் காற்றோடு போய்விடுகிறது, அல்லது சரியாக எரியாமல் புகையாகி, ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்ணின் நெஞ்சுக்குள் இறங்குகிறது. பரிஷத் அடுப்பு இதை மூன்று வழிகளில் திருத்த முயன்றது. விறகு எரியும் இடத்தைச் சுற்றிலும் அடைத்து, கீழே கம்பிச் சல்லடை வைத்து, சாம்பல் உதிரவும் காற்று அடியிலிருந்து ஏறவும் வழி செய்தார்கள்; முதல் பாத்திரத்தைத் தொட்டு வரும் சூடான வாயுவை ஒரு சுரங்கவழியாகத் திருப்பி இரண்டாவது பாத்திரத்தின் அடியில் செலுத்தினார்கள்; கடைசியில் புகைபோக்கி வைத்து எஞ்சியதைக் கூரைக்கு மேலே அனுப்பினார்கள். கேட்பதற்கு எளிது. ஆனால், சுரங்கவழி சற்று அகன்றுவிட்டால் இரண்டாவது பாத்திரம் கொதிக்காது. புகைபோக்கியின் இழுப்பு மிகுந்துவிட்டால் வெப்பமும் புகையோடு வெளியேறும். விறகைச் சிறிதாகப் பிளக்காவிட்டால் அடுப்பின் வாயில் நுழையாது. கரியைத் துடைக்காமல் விட்டால் புகை மறுபடியும் வீட்டுக்குள்ளேயே திரும்பும். அளவு பிசகாமல் கட்டத் தெரிந்த கொத்தனாரும், பிசகினால் வந்து பார்க்கும் ஆளும் இல்லாமல் இந்த அடுப்பு நிலைக்காது. நாடெங்கும் சர்க்கார் இலக்கு வைத்து விநியோகித்த புகையில்லா அடுப்புகளில் எத்தனையோ, ஓரிரு வருஷங்களில் விரிசல் கண்டு மூலையில் ஒதுங்கியதற்கு, அவற்றைக் கட்டியவர்கள் மறுபடியும் அந்த வீட்டுப் பக்கம் வராததே பெரிய காரணம். அண்டை வீட்டுத் தொண்டனிடமோ, ‘உங்கள் அடுப்பில் குத்தரிசி வேகவில்லை’ என்று ஒரு மூதாட்டி மறுநாள் காலையிலேயே சொல்லிவிடலாம். பாலக்காட்டை அடுத்த முண்டூரில் 1987-ல் பரிஷத் தொடங்கிய கிராமத் தொழில்நுட்ப நிலையம் இத்தகைய சோதனைகளுக்கு ஒரு நிரந்தர இடமாயிற்று.

சூடாறாப் பெட்டி என்பது அந்த அடுப்பைவிட எளிய சாதனம். நீர் கொதிநிலையை அடைந்த பிறகு, திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ மூட்டினாலும் அதன் வெப்பநிலை உயராது. கூடுதலாகக் கொடுக்கும் வெப்பம் ஆவியாகப் பறந்துபோகும். ஒரு லிட்டர் நீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்க வைக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல் 7 மடங்குக்கும் மேலான வெப்பம், அதே நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவை. அரிசி வேகுவதற்கு வேண்டியதோ ஆவியன்று. சூடு குறையாமல் சிறிது நேரம் இருப்பது. ஆகவே, சோற்றுப் பானையை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி, வெப்பம் கடத்தாத பொருள் நிறைந்த பெட்டிக்குள் இறக்கிவிட்டால், அடுப்பை அணைத்த பின்னும் சோறு தானே வெந்துகொண்டிருக்கும். நெடுநேரம் வேக வேண்டிய குத்தரிசியை உண்ணும் மலையாளிக்கு இதனால் வரும் லாபம் சொல்லாமலே விளங்கும். பானை பாதிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், இடையில் திறந்து பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும் என்பவைதான் நிபந்தனைகள்; இரண்டாவது சற்றுக் கடினம்.

விளக்குக்கு வருவோம். மாலை ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கும் தொலைக்காட்சியும் விசிறியும் இயங்கத் தொடங்கும்போது மின்தேவை உச்சத்தை எட்டுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்காகவே வாரியம் விலை உயர்ந்த மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்க நேருகிறது. குண்டு பல்பை மாற்றுங்கள் என்ற பிரசாரத்துக்கு இதுவே காரணம். 60 வாட் பல்பு கொடுக்கும் ஒளியை ஒரு 9 வாட் எல்.இ.டி. கொடுத்துவிடுகிறது. குண்டு பல்பின் விற்பனையையே நிறுத்தப்போவதாகக் கேரள அரசு 2020 வரவுசெலவு அறிக்கையில் அறிவித்தது.

பல்பு மாறிவிட்ட வீடுகளில் இன்று கவனிக்க வேண்டியது விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கிறது, நாள்தோறும் 12 மணி நேரம் சுற்றுகிறது என்று கொள்வோமானால், இரண்டு மாதத்தில் அது தின்பது 54 யூனிட். பி.எல்.டி.சி. எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருவதால் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு விசிறிக்கே 32 யூனிட் மிச்சம். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டரில் விசையைக் குறைத்துவிட்டால் மின்சாரமும் அதே விகிதத்தில் குறையும் என்று எண்ணுவோர் பலர். குறைத்ததில் ஒரு பகுதி அந்தப் பெட்டியிலேயே வெறும் சூடாகப் போகிறது என்பதை அதைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 10 வாட் இழுக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ், யாரும் பார்க்காத நேரத்திலும் அணையாமல் இருக்குமானால், இரண்டு மாதத்தில் 14 யூனிட்டைச் சத்தமின்றி விழுங்கிவிடும்.

இவற்றையெல்லாம் எழுதுவதற்குப் பெரிய விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ‘துளிர்’ பத்திரிகையின் வாயிலாகச் சிறுவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிவருகிறது. கேரளத்துத் தொண்டர்களின் முன்மாதிரி நமக்கு அந்நியமன்று. நம்மிடம் குறைவாக இருப்பது ஊர்க்கணக்கு. கோயமுத்தூரின் விசைத்தறிக் கூடமும் தஞ்சையின் பம்ப்செட்டும் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஒரே உபதேசத்தால் பயன்பெற மாட்டா. தறி ஓட்டுகிறவரும் மோட்டார் போடுகிறவரும் மாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிறவரும் தத்தம் கணக்கைத் தாமே எழுதினால்தான் அது நம்பத் தகுந்ததாக இருக்கும். பொத்தாம்பொதுவாக ‘மின்சாரம் சேமிப்போம்’ என்று எழுதப்படும் கட்டுரைகளை, இக்கட்டுரையாளன் உள்பட, நாம் எல்லோரும் போதுமான அளவு எழுதியாகிவிட்டது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மின்கட்டணச் சீட்டு வந்தவுடன், வீட்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் வாட்டையும் அது இயங்கும் மணியையும் ஒரு தாளில் குறித்து, பெருக்கிக் கூட்டி, சீட்டிலுள்ள யூனிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். அதைக் கண்டுபிடித்ததும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, உங்கள் தெருக்காரர்கள் படிக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.