தொடு விசை, தொடா விசை

தில்லியில் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழில் அறிவியல் சொல்லித் தருகிறேன். கேரம் காயை ஸ்ட்ரைக்கர் தள்ளுவது தொடு விசை. பலகையின் உராய்வு காயை நிறுத்துவதும் அதுவே. தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளைத் தொடாமலே இழுப்பது தொடா விசை. இதற்குக் குளிர்காலமே ஏற்றது. மழைக்கால ஈரத்தில் சீப்பின் மின்னூட்டம் நில்லாது.

அடுத்த கேள்வி: எறிந்த பந்து மேலே போகையில் அதன்மீது என்ன விசை? "கையின் விசை" என்பார்கள் பலரும். பந்து கையை விட்டதுமே அந்த விசை முடிந்தது. மிஞ்சுவது தொடாமல் இழுக்கும் புவியீர்ப்பும், தொட்டுத் தடுக்கும் காற்றுமே.

ஆங்கிலப் பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளையும் இங்கே தடுமாறும். பெற்றோரே, வீட்டில் ஒருமுறை தமிழில் கேட்டுப் பாருங்கள்; மனப்பாடமா, புரிதலா என்பது தெரிந்துவிடும்.