டைமர் கேட்கிறது, பாய்லர் முடிவெடுக்கிறது

பிரிட்டனில் ஒரு சாதாரண வீட்டின் சமையலறைக்குள் போனால், அலமாரிகளுக்கு நடுவே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருப்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம். அடியில் வரிசையாகச் செம்புக் குழாய்கள். முன்புறம் ஒரு சிறிய திரை, இரண்டு குமிழ்கள். அதன் பெயர் காம்பி பாய்லர். எரிவாயுவை எரித்து வீட்டைச் சூடாக்குவதும் குழாயில் வெந்நீர் தருவதும் இந்த ஒரே பெட்டியின் வேலை. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று லண்டனில் தமிழர்கள் சேர்ந்து வாழும் பகுதிகளிலும் வீட்டுக்கு வீடு இதுதான். படிப்புக்கோ வேலைக்கோ புதிதாகப் போய்க் குடியேறுபவர்கள், அக்டோபர் குளிர் தொடங்கியதும் முதலில் பழக வேண்டிய இயந்திரமும் இதுவே.

இந்தப் பாய்லருக்கு ஒரு டைமரை இணைத்துவிட்டால், விடிவதற்கு முன்பே வீடு சூடாகத் தொடங்கும். எல்லோரும் வெளியே போன பிறகு தானே நின்றுவிடும். வேலை எளிதாகத் தெரிகிறது. ஆனால் பாய்லருக்கும் டைமருக்கும் இடையே உள்ள உறவைப் புரிந்துகொள்ளாமல் ஒயரைத் தொட்டால், குளிர்காலத்தின் நடுவில் வெந்நீர் நின்றுபோகலாம்; விலை உயர்ந்த சர்க்யூட் போர்டு ஒரு நொடியில் எரிந்தும் போகலாம். அந்த உறவை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: டைமர் பாய்லரை இயக்குவதில்லை, சூடு வேண்டும் என்று அதனிடம் கேட்கிறது.

பெட்டிக்குள் இரண்டு பாதைகள்

காம்பி பாய்லருக்குள் முதன்மையான வெப்பப் பரிமாற்றி ஒன்று இருக்கிறது. எரிவாயுச் சுடர் அதில் ஓடும் நீரைச் சூடாக்குகிறது. அந்த நீரை ஒரு பம்பு வீட்டின் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும்; சூட்டை அறைகளில் விட்டுவிட்டு நீர் திரும்பி வரும். மூடிய சுற்று என்பதால் அதே நீரே மீண்டும் மீண்டும் ஓடும். குளிர்ந்த நிலையில் அதன் அழுத்தம் வழக்கமாக 1 முதல் 1.5 பார் வரை இருக்கும்.

வெந்நீர்க் குழாயைத் திறந்தால் காட்சி மாறுகிறது. நீர் ஓடுவதை ஓர் உணரி கண்டுபிடித்ததும், உள்ளே இருக்கும் திசைமாற்று வால்வு ரேடியேட்டர் பாதையை அடைத்துவிடும். சூடான நீர் இப்போது அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள் கொண்ட இன்னொரு பரிமாற்றிக்குள் போகும். அந்தத் தகடுகளின் மறுபக்கம் ஓடும் குடிநீர், சூட்டை வாங்கிக்கொண்டு குழாய்க்கு வரும். 24 கிலோவாட் பாய்லர் ஒன்று, நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் நீரை 35 டிகிரி அளவுக்கு உயர்த்தித் தரும். வெந்நீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி எதுவும் கிடையாது, திறக்கும்போதுதான் சூடாகிறது. குழாய்க்கே முன்னுரிமை. யாராவது குளித்துக்கொண்டிருக்கும்வரை ரேடியேட்டர்கள் காத்திருக்கும்.

டைமரின் ஆட்சி முதல் பாதையோடு முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் குழாயைத் திறந்தாலும் வெந்நீர் வர வேண்டும். அதற்கு நேர அட்டவணை தேவையில்லை. இதனால்தான் வெந்நீருக்கு ஒன்று, அறைச்சூட்டுக்கு ஒன்று என இரண்டு சேனல் கொண்ட பழைய டைமர்களை, தொட்டியை எடுத்துவிட்டு காம்பிக்கு மாறிய வீடுகளில் மாற்றிவிடுகிறார்கள். காம்பிக்கு ஒரு சேனல் டைமரே போதும்.

மின்சாரத்தை வெட்டினால் என்ன ஆகும்?

நம் ஊரில் குளியலறை கீஸரை எழுப்பவும் அணைக்கவும் சுவரில் இருக்கும் ஸ்விட்ச் போதும். அதற்கு டைமர் வைத்தால், அது வரும் மின்சாரத்தையே வெட்டிவெட்டி விடும். அதே பழக்கத்தில் காம்பி பாய்லரின் மின்சாரத்தையும் ஒரு டைமர் வழியாகக் கொடுக்கலாமே என்று தோன்றலாம். கொடுக்கக் கூடாது. அதற்கான காரணங்கள் பாய்லருக்குள் இருக்கின்றன.

மின்சாரம் நின்றால் வெந்நீரும் நின்றுவிடும். சுடரை ஏற்றுவதும் வால்வைத் திருப்புவதும் மின்சாரம்தான். அடுத்து, சுடர் அணைந்த பிறகும் பரிமாற்றிக்குள் சூடு தேங்கியிருக்கும். அதை வெளியே கொண்டுபோகப் பம்பு சிறிது நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். சுடர் எரியும்போதே மின்சாரத்தைப் பிடுங்கினால் தேங்கிய நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்; நாளடைவில் பரிமாற்றிக்கே கேடு. மூன்றாவது, உறைபனிப் பாதுகாப்பு. உள்ளே இருக்கும் நீர் உறையும் நிலையை நெருங்கினால், யாரும் கேட்காமலே பாய்லர் தானாக விழித்துக்கொள்ளும். குளிர் மிக அதிகமாக இருக்கும் பின்னிரவில்தான் டைமரும் அணைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

எனவே பாய்லருக்கு 24 மணி நேரமும் மின்சாரம் வேண்டும். டைமர் அனுப்புவது வேண்டுகோள் மட்டுமே. அதைப் பெற்ற பாய்லர் முதலில் தன் நிலையைப் பார்க்கிறது. நீர் அழுத்தம் போதுமா, புகை வெளியேற விசிறி சுழல்கிறதா, யாராவது வெந்நீர் பிடிக்கிறார்களா, சற்று முன்புதான் சுடர் அணைந்ததா என்றெல்லாம் சோதித்த பிறகே பற்றவைக்கிறது. காலை 6 மணிக்கு டைமர் கேட்டும் சில நிமிடங்கள் பாய்லர் சும்மா இருந்தால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை.

மணியடித்த பேராசிரியர்

அறை கேட்க, பாய்லர் முடிவெடுக்கும் இந்த முறை மிகப் பழையது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். வகுப்பறை சூடாக இருக்கிறதா, குளிர்கிறதா என்று பார்க்கப் பணியாளர் ஒருவர் அடிக்கடி உள்ளே வந்து போக வேண்டியிருந்தது. பாடம் தடைப்பட்டது. அறையின் வெப்பநிலை மாறும்போது மின்தொடர்பை மூடும் ஒரு கருவியை ஜான்சன் அமைத்தார். தொடர்பு மூடியதும் கீழ்த்தளத்தில், உலைக்கருகே ஒரு மணி அடிக்கும். உலைக்குக் காற்று போகும் வழியைத் திறப்பதும் மூடுவதும் அங்கிருந்த பணியாளரின் பொறுப்பு. 1883இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். மின்சார அறைத் தெர்மோஸ்டாட்டின் தொடக்கம் இதுவே.

இன்று மணியின் இடத்தில் ஒரு ரிலே. பணியாளரின் இடத்தில் பாய்லரின் சர்க்யூட் போர்டு. டைமருக்குள்ளும் நடப்பது இதுதான்: குறித்த நேரம் வந்ததும் இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றன.

ஒயர்களின் கணக்கு

பெரும்பாலான டைமர்களில் கவனிக்க வேண்டிய டெர்மினல்கள் நான்கு. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் டைமரின் கடிகாரத்துக்கு உயிர் கொடுப்பவை. மற்ற இரண்டும் ஸ்விட்சின் முனைகள்: ஒன்று பொதுமுனை, மற்றது டைமர் எழும்போது அதோடு சேரும் முனை. பேட்டரியில் ஓடும் டைமருக்கு இந்த ஸ்விட்ச் முனைகள் மட்டும் போதும்.

பாய்லரின் பக்கம், அறைத் தெர்மோஸ்டாட்டுக்கென்று ஒரு ஜோடி டெர்மினல் இருக்கும். பல பாய்லர்களில் தொழிற்சாலையிலேயே இந்த இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து அனுப்புகிறார்கள். அந்தத் துண்டு இருக்கும்வரை, சூடு வேண்டும் என்ற கோரிக்கை இடைவிடாமல் வந்துகொண்டிருப்பதாகவே பாய்லர் எண்ணும். டைமரின் ஸ்விட்ச் முனைகளை அங்கே இணைக்கும்போது அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால், டைமர் அணைந்த பிறகும் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டே இருக்கும். டைமரே கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, அந்த டெர்மினலில் இருப்பது எந்த மின்னழுத்தம் என்பது. சில பாய்லர்களில் அது வீட்டு மின்சாரமான 230 வோல்ட். சிலவற்றில் 24 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தம். வேறு சிலவற்றில் ஒயர் வழியே எண் தகவல்கள் ஓடும். இவற்றுக்கு அதே மொழி பேசும் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். டைமர்களிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் ஸ்விட்ச் முனைகள் கடிகாரத்தின் மின்சாரத்தோடு தொடர்பே இல்லாமல் தனித்து இருக்கும். இவற்றைக் குறைந்த மின்னழுத்தப் பாய்லர்களோடும் சேர்க்கலாம். மற்ற வகையில் ஃபேஸ் உள்ளுக்குள்ளேயே பொதுமுனைக்கு இணைந்திருக்கும். டைமர் எழுந்ததும் 230 வோல்ட் வெளியே வரும். இதைக் குறைந்த மின்னழுத்த டெர்மினலில் கொடுத்தால் போர்டு எரிந்துவிடும். டைமர் வாங்குவதற்கு முன்பே பாய்லரின் கையேட்டில் உள்ள ஒயரிங் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

டைமரோடு அறைத் தெர்மோஸ்டாட்டும் இருந்தால் இரண்டையும் தொடர் இணைப்பில் போட வேண்டும். நேரமும் வந்திருக்க வேண்டும், அறையும் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் கோரிக்கை பாய்லருக்குப் போகும். இணை இணைப்பில் போட்டுவிட்டால் ஏதாவது ஒன்று கேட்டாலே பாய்லர் எரியும். டைமர் அணைந்திருக்கும் நள்ளிரவிலும் எரியும்.

டைமருக்கும் பாய்லருக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து, பொதுவாக 3 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள ஒரே இணைப்பிலிருந்து, வர வேண்டும். டைமரை வேறு சுற்றிலிருந்து எடுத்தால், பாய்லரின் ஸ்விட்சை அணைத்து வேலை செய்பவரின் கையில் டைமர் வழியே ஃபேஸ் வந்து நிற்கும். பிரிட்டனில் ஃபேஸுக்குப் பழுப்பு, நியூட்ரலுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சை-மஞ்சள். பழைய வீடுகளின் சுவருக்குள் சிவப்பும் கறுப்பும் இன்னும் இருக்கும். ஸ்விட்சிலிருந்து திரும்பி வரும் ஒயர் நீல நிறமாக இருந்தாலும் அதில் ஓடுவது ஃபேஸ்தான். அதன் நுனியில் பழுப்பு உறை மாட்டி அடையாளம் செய்ய வேண்டும். நிறத்தை நம்பித் தொடக் கூடாது.

யார் செய்ய வேண்டும்?

பிரிட்டனில் எரிவாயு சம்பந்தமான வேலையைக் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவரே செய்ய வேண்டும் என்பது சட்டம். 2009 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. டைமர் இணைப்பது மின்வேலைதானே என்று கேட்கலாம். சில பாய்லர்களில் முன்மூடியே எரியும் அறையை அடைக்கும் மூடியும்கூட. அதைக் கழற்றி மறுபடி சரியாகப் பொருத்தாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் கசியலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே இந்த வேலையைத் தகுதி பெற்றவரிடம் விடுவதே சரி. வாடகை வீடானால் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். எரிவாயுக் கருவிகளை 12 மாதங்களுக்கு ஒருமுறை சோதித்துச் சான்று தருவது அவருடைய சட்டக் கடமை.

இங்கிலாந்தில் 2018 ஏப்ரலுக்குப் பிறகு பொருத்தும் எரிவாயு பாய்லர்களுக்கு நேரக் கட்டுப்பாடும் அறை வெப்பக் கட்டுப்பாடும் கட்டாயம். ஆகவே புதிய பாய்லர் வைத்த வீட்டில் டைமர் ஏற்கெனவே எங்கோ இருக்க வேண்டும். புதிதாக வாங்குவதற்கு முன் நடைவழிச் சுவரையும் பாய்லரின் முகப்பையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

எந்த நேரம், எவ்வளவு சூடு?

பாய்லரைக் குறைந்த சூட்டில் நாள் முழுக்க ஓடவிட்டால் செலவு மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். வழக்கமான வீட்டுக்கு இது பொருந்தாது. வீடு இழக்கும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் வேறுபாடு 15. இரவில் உள்ளே 15 டிகிரிக்கு இறங்கினால் வேறுபாடு 10. இழப்பு மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். காலையில் மீண்டும் சூடாக்க ஆகும் எரிவாயு, இரவு முழுக்க அந்தச் சூட்டைத் தக்கவைக்க ஆகும் அளவைவிடக் குறைவு. டைமர் பணத்தை மிச்சப்படுத்துவது இப்படித்தான்.

அதே நேரம் வீட்டை ஒரேயடியாகக் குளிரவிடக் கூடாது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கைக்குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் அட்டவணையைத் தாராளமாகவே வைக்க வேண்டும். சுவர் குளிர்ந்தால் சமையல் ஆவி அதில் படிந்து ஈரமாகி, பூஞ்சையும் பிடிக்கும்.

எழுந்திருப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி, புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு நிறுத்துவது நல்ல தொடக்கம். ரேடியேட்டரில் தேங்கிய சூடு அந்த இடைவெளியைத் தாங்கும். ஒரு வாரம் பார்த்து, வீட்டின் இயல்புக்கேற்ப நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். முள் வைத்த பழைய வகை டைமர் என்றால், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் பிரிட்டனின் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும்போது அதையும் கையால் திருத்த வேண்டும்.

வேலை முடித்தவர் கிளம்புவதற்கு முன், அவர் கண்ணெதிரே ஒரு சோதனை செய்து பாருங்கள். தெர்மோஸ்டாட்டை உயர்த்தி, டைமரை எழுப்புங்கள்; பாய்லர் பற்ற வேண்டும். டைமரை எழுப்பியபடியே தெர்மோஸ்டாட்டைக் குறையுங்கள். சுடர் அணைய வேண்டும். மறுபடி அதை உயர்த்திவிட்டு டைமரை அணையுங்கள்; அப்போதும் சுடர் நிற்க வேண்டும், ஆனால் பாய்லரின் திரையில் வெளிச்சம் இருக்க வேண்டும். கடைசியாக, டைமர் அணைந்த நிலையிலேயே வெந்நீர்க் குழாயைத் திறங்கள். பாய்லர் உடனே விழித்து வெந்நீர் தந்தால், டைமரின் அதிகாரம் அதற்குரிய எல்லையில் நிற்கிறது, இணைப்பு சரி. இவற்றில் ஒன்று தவறினாலும், அதைச் சரிசெய்த பிறகே கூலியைக் கொடுங்கள்.